அருமையும் பெருமையும்

“முற்போக்கு” என்னுஞ் சொல் நம்மிடையே ஒரு குறிப்பிட்ட பொருளிலே வழங்குகின்றது. சமுதாயம் எத்திசை நோக்கி நகர வேண்டும் என்ற தெளிவும், அந்நகர்வுக்குக் கலை துணைநிற்றல் வேண்டும் என்ற துணிவும் அச்சொல்லினுள் அடங்கியுள்ளன. ஆனால் 1960களின் பிற்பகுதியிலே பிரித்தானிய இசைத்தட்டுக் கொம்பனிகள் இதே சொல்லைத் தம் பண்டங்களின்மேல் ஒட்டி விற்றன. “முற்போக்கு றொக்” எனப்பட்ட அவ்விசையிலே, முற்போக்கு என்பது சமுதாய நோக்கைச் சுட்டவில்லை. மூன்று நிமிடப் பாட்டின் எல்லையை மீறி, மேனாட்டுச் செந்நெறி இசை, ஜாஸ், நாட்டார் இசை ஆகியவற்றின் கூறுகளைச் சேர்த்து நெடிய உருப்படிகளை அமைக்கும் முயற்சியையே அது சுட்டியது. அதன் உடன்பிறப்பாக, உரத்த மின்கிற்றாரையும் கனத்த தாளத்தையும் அடிப்படையாகக் கொண்ட “ஹெவி றொக்” எனும் இசையும் அதே ஆண்டுகளிலே தோன்றியது.

இன்று இவ்விரு வகை இசைகளினதும் முதற்பதிப்புத் தட்டுகள் பெருவிலைக்குரிய அரும்பொருள்களாகிவிட்டன. 1970 இலே இரண்டு பவுணுக்குச் சற்றுக் குறைந்த விலையிற் கடைகளில் விற்ற தட்டுகளுட் சில, இன்று ஆயிரம் பவுணையுந் தாண்டிக் கைமாறுகின்றன. அவற்றைத் தேடுவோர், பேணுவோர், விற்போர், போலிகளை இனங்காண்போர் எனத் தனியானதோர் உலகமே உருவாகியுள்ளது. வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒரு கலைப்படைப்பு எவ்வாறு பண்டமாகின்றது, பண்டமானது எவ்வாறு வழிபாட்டுப் பொருளாகின்றது, அவ்வழிபாட்டிலே படைத்தவனுக்குரிய இடம் யாது என்பனவற்றை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பிறிதோர் உதாரணம் கிடைத்தல் அரிது. ஆதலின் இதனைச் சற்று நுணுகி நோக்குதல் பயனுடைத்து.

*

இத்தட்டுகள் அரியனவானது எங்ஙனம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவற்றின் அருமைக்குத் திட்டமான பொருளாதாரக் காரணங்கள் உள. 1960களின் இறுதியில் இளைஞரின் நாட்டம் ஒற்றைப் பாட்டுத் தட்டுகளிலிருந்து நெடுந்தட்டுகளுக்கு மாறியபோது, பெருங் கொம்பனிகள் அச்சந்தையைக் கைப்பற்ற முண்டியடித்தன. 1969 இலே ஈ.எம்.ஐ. கொம்பனி “ஹார்வெஸ்ட்” என்ற பெயரிலும், பிலிப்ஸ் கொம்பனி “வேர்ட்டிகோ” என்ற பெயரிலும் தனிப் பிரிவுகளைத் தொடங்கின. டெக்காவுக்கு “டெரம் நோவா”, பை கொம்பனிக்கு “டோன்”, ஆர்.சி.ஏ.க்கு “நியோன்” எனப் பிறவும் தோன்றின. வெளிப்பார்வைக்கு இவை சிறியனவும் சுதந்திரமானவையுமான வெளியீட்டகங்கள் போலக் காட்சியளித்தன. உண்மையிலே அவை பெருமுதலாளிகள் இளைஞர்முன் தோன்றுதற்கு அணிந்துகொண்ட புதுச்சட்டைகளே.

எக்குழு வெற்றிபெறும் என்பதை முதலாளிகள் அறியார். எனவே பல குழுக்களை ஒப்பந்தஞ் செய்து, இயன்றவரை குறைந்த செலவிலே பதிவுசெய்து, சந்தையில் எறிந்து பார்த்தனர். வேர்ட்டிகோ வெளியிட்ட பிளக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டு 1969 ஒக்டோபரில் ஒரே நாளிற் பதிவுசெய்யப்பட்டு, 1970 பெப்ரவரி 13 ஆந் திகதி வெளிவந்தது. அது பிரித்தானிய விற்பனை வரிசையில் 8 ஆம் இடத்தை எட்டியது. அதே ஆண்டில் வெளிவந்த அவர்களது இரண்டாவது தட்டு முதலிடத்தையே பிடித்தது. ஆனால் அதே வேர்ட்டிகோவின் சுழல்வட்டச் சின்னத்தைத் தாங்கி வெளிவந்த அஃபினிற்றி, டொக்டர் சீ முதலிய குழுக்கள் ஒவ்வொரு தட்டோடு நின்றுவிட்டன. விற்காதவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. “நீக்கம்” என்ற ஒரு குறிப்போடு ஒரு குழுவினரின் சில ஆண்டு உழைப்பு முற்றுப்பெற்றது.

வரிச்சட்டமும் தன் பங்குக்கு அருமையை விளைவித்தது. அக்காலப் பிரித்தானியாவில் இசைத்தட்டுகளுக்குக் கொள்வனவு வரி இருந்தது. நூறு பிரதிகளுக்குக் குறைந்த பதிப்புக்கு அவ்வரி இல்லை. ஆதலின் கொம்பனிகளின் ஆதரவு கிடைக்காத இளைஞர் பலர் தம் சொந்தப் பணத்திலே 99 பிரதிகள் மாத்திரம் அச்சிட்டனர். 1973 இலே பெறுமதி சேர் வரி வரும்வரை இந்நிலை நீடித்தது. நோர்தாம்ப்டன் நகரைச் சேர்ந்த டார்க் என்ற குழு 1972 இலே தானாக வெளியிட்ட “றவுண்ட் த எட்ஜஸ்” என்ற தட்டும் நூற்றுக்குக் குறைந்த பிரதிகளே கொண்டது. இன்று அது பிரித்தானிய றொக் இசையின் மிக விலையுயர்ந்த தட்டுகளுள் ஒன்று. நண்பர்க்குங் குடும்பத்தார்க்குங் கொடுப்பதற்கென அச்சிட்ட சில பத்துத் தட்டுகள், அரை நூற்றாண்டின் பின் முதலீட்டாளரின் இரும்புப் பெட்டிக்குட் புகுந்துகொண்டன!

ஆகவே, இன்று பெருவிலை கொடுத்து வாங்கப்படும் அருமை, அன்று விலைபோகாமையின் மறுபெயரே. சந்தை ஒரு படைப்பைப் புறக்கணித்தது. அப்புறக்கணிப்பையே பின்னர் அதே சந்தை விலையாக்கிற்று. முதன்முறை தோற்றவனும் படைத்தவனே. இரண்டாம் முறை ஆதாயத்திற் பங்கின்றி நிற்பவனும் அவனே.

*

இனி, சேகரிப்போர் தட்டினை நோக்கும் முறைமையை எடுத்துக்கொள்வோம். மிடில்செக்ஸ் பகுதியிலே ஹேய்ஸ் என்னும் ஊரில் இருந்த ஈ.எம்.ஐ. தொழிற்சாலையிலே, தட்டின் பாட்டுச்சாலுக்கும் நடுவிலுள்ள தாளுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திற் சில எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்படுவது வழக்கம். “கிராமபோன் லிமிட்டெட்” என்பதன் ஆங்கிலச் சுருக்கத்திலுள்ள பத்து எழுத்துகள் பத்து இலக்கங்களுக்குக் குறியாக நின்றன. “ஜி” எனின் முதலாம் அச்சு, “ஆர்” எனின் இரண்டாம் அச்சு, இவ்வாறே பிறவும். ஒரு தட்டிலே குறையிருப்பின் அது எந்த அச்சிலிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கே இக்குறியீடு ஏற்பட்டது. அது தொழிலாளர் தம் வேலையின் பொருட்டு இட்ட அடையாளம்.

அவ்வடையாளம் இன்று குலப்பெருமை கூறும் பட்டயமாகிவிட்டது. முதலாம் அச்சின் எழுத்தைத் தாங்கிய தட்டுக்கு ஒரு விலை, பதினைந்தாம் அச்சின் தட்டுக்கு வேறு விலை. தேய்ந்த அச்சினும் புதிய அச்சே தெளிவான ஒலி தரும் என்பதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவ்வெழுத்து, குறித்த தட்டு அந்த அச்சிலிருந்து வந்த முதலாவது தட்டா கடைசித் தட்டா என்பதைச் சொல்லாது. முதலாம் அச்சின் இறுதித் தட்டைவிடப் பத்தாம் அச்சின் தொடக்கத் தட்டு நன்றாக ஒலிக்கக்கூடும். இதனை அறிந்தும் விலை எழுத்தின்பாற் செல்கின்றது. காது தீர்மானிக்க வேண்டியதைக் கண் தீர்மானிக்கின்றது.

தட்டின் நிலையை மதிப்பிடும் சொற்களும் ஆராயத்தக்கவை. மிகச் சிறந்த நிலைக்கு “மின்ற்” என்று பெயர். நாணயசாலையிலிருந்து அச்சிட்டு வந்தபடியே பழுதின்றி இருப்பது என்பது அதன் பொருள். பணத்துக்கு வழங்கிய சொல்லைப் பாட்டுக்கு வழங்கியமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் அச்சொல் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. ஊசி பட்ட ஒவ்வொரு முறையும் தட்டிலே சிறிதளவு தேய்வு ஏற்படவே செய்யும். எனவே மிகவுயர்ந்த விலைக்குரிய தட்டு எது? ஒருவராலுங் கேட்கப்படாத தட்டு! கேட்பதற்கென்றே பிறந்த பொருள், கேளாமையினாற் சிறப்படைகின்றது. பண்டத்தின் பயன்மதிப்பு வேறு, மாற்றுமதிப்பு வேறு என 1867 இலே கார்ல் மார்க்ஸ் “மூலதனம்” நூலின் முதல் தொகுதியில் விளக்கியதற்கு இதனைவிடச் சிறந்த பாடம் வகுப்பறைக்குக் கிடைக்குமோ என்பது ஐயமே. இசை கேட்போர் உண்மையில் இசையை வழிபடாது, அதற்குத் தாம் கொடுத்த பணத்தையே வழிபடுகின்றனர் என்ற கருத்தைத் தியோடோர் அடோர்னோ 1938 இல் எழுதிய கட்டுரையொன்றில் வெளியிட்டார். அவர் பொப்பிசை பற்றிக் கூறியன யாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் உறை திறவாத தட்டினைப் பூட்டிவைத்துப் பூரிப்பவரைப் பொறுத்தமட்டில் அவர் கூற்று முற்றும் பொருந்துகின்றது.

*

இசைத்தட்டின் பயன்மதிப்பு யாது? இவ்வினாவுக்கு ஏட்டளவிலன்றி வாழ்க்கையளவிலே விடை தருவது பிளக் சபத் குழுவின் கிற்றார்க் கலைஞர் ரொனி அயோமியின் வரலாறு. பர்மிங்ஹாம் நகரிலே உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த அவர், பதினேழாம் வயதில், வேலையை விட்டு நீங்கும் கடைசி நாளிலே, இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரு விரல்களின் நுனிகளை இழந்தார். இடக்கை வழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை வலக்கையே. இனி இசை இல்லை என அவர் சோர்ந்திருந்த வேளையில், தொழிற்சாலையில் அவருக்கு மேலாளராயிருந்தவர் ஒரு தட்டினைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அது ஜாங்கோ ரைன்ஹாட் வாசித்தது. 1928 இலே தீ விபத்தொன்றில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னரும் ஐரோப்பிய ஜாஸ் இசையின் தலைசிறந்த கிற்றார்க் கலைஞராக விளங்கியவர் ரைன்ஹாட். அதைக் கேட்ட இளைஞர் துணிவு பெற்றார். சவர்க்காரத் திரவம் வந்த பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்நுனிகளுக்கு உறை செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் 1971 இன் தட்டிலே தந்திகளைத் தளர்த்திச் சுருதியையுந் தாழ்த்தினார். உலகம் “ஹெவி மெற்றல்” என அழைக்கும் இசையின் கனத்த, தாழ்ந்த நாதத்துக்கு ஒரு தொழிலாளியின் காயமும் ஒரு காரணமாயிற்று.

அந்தத் தட்டு முதற்பதிப்பா மறுபதிப்பா என்று அன்று யாருங் கேட்கவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சென்று ஒரு மனிதனை நிமிர்த்தியது என்பதே அதன் மதிப்பு.

இக்குழுவினரின் வர்க்கப் பின்னணியையும் இவ்விடத்திற் கருதல் வேண்டும். நால்வரும் பர்மிங்ஹாமின் அஸ்ரன் பகுதித் தொழிலாளர் குடும்பங்களிலே வளர்ந்தவர்கள். பாடகர் ஒசி ஒஸ்போர்ன் இறைச்சித் தொட்டியில் வேலைசெய்தவர். இதற்கு மறுபுறத்தில், முற்போக்கு றொக் இசையின் முக்கிய குழுவாகிய ஜெனிசிஸ், வசதி படைத்தோர் பயிலும் சார்ட்டர்ஹவுஸ் பாடசாலை மாணவராலே தோற்றுவிக்கப்பட்டது. இதைக்கொண்டு ஒன்றை உழைக்கும் மக்களின் கலை என்றும் மற்றதை மேட்டுக்குடியின் கலை என்றும் சூத்திரமாக வகுத்துவிடலாகாது. ஜெனிசிஸின் முதல் தட்டு 1969 இலே டெக்காவால் வெளியிடப்பட்டுச் சில நூறு பிரதிகளே விற்றது. சந்தையின் அலட்சியம் இரு சாராரையுந் தீண்டியது. எனினும், அக்கால விமர்சகர் பலர் நீண்ட இசையமைப்புகளிலே ஆழங் கண்டனர். தொழிற்சாலை நகரத்தின் இரைச்சலிலே அறியாமையையே கண்டனர். பிளக் சபத்தின் முதல் தட்டை அமெரிக்க ஏடாகிய “ரோலிங் ஸ்ரோன்” 1970 இலே இகழ்ந்து எழுதியது. மக்கள் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. 2025 ஜூலை 5 ஆந் திகதி, அக்குழுவின் நால்வரும் தாம் பிறந்த மண்ணிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் இறுதியாக இசைத்தனர். அம்மாதம் 22 ஆந் திகதி ஒஸ்போர்ன் காலமானபோது பர்மிங்ஹாம் மக்கள் தெருக்களிலே திரண்டு நின்று தம் நகரத்து மைந்தனுக்கு விடைகொடுத்தனர்.

*

இங்கேதான் விமர்சகனின் கடமை பிறக்கின்றது. அருமை வேறு, பெருமை வேறு. பிளக் சபத்தின் முதல் தட்டு இலட்சக்கணக்கில் விற்றது, எங்குங் கிடைப்பது. மழையோசையோடும் மணியோசையோடும் தொடங்கி, மூன்றே சுரங்களில் அச்சத்தைக் கட்டியெழுப்பும் அதன் முதற் பாட்டு, அவ்விசைவகை முழுமைக்கும் வாயிலாயிற்று. இது எளிதிற் கிடைப்பது, பெருமையுடையது. டொக்டர் சீ குழு 1971 இல் வெளியிட்ட “திரீ பார்ட்ஸ் ரு மை சோல்” மிகச் சில பிரதிகளே விற்றது, மிகவுயர்ந்த விலையுடையது. ஆன்மா மூன்று கூறானது என்ற பெருங்கருத்தைச் சுமக்க முயலும் அத்தட்டிலே, கருத்தின் பாரத்தை இசை தாங்கவில்லை என்பதே பக்கச்சார்பின்றிக் கேட்போர் முடிவாதல் கூடும். இது அரியது, பெருமையில் நடுத்தரமானது. லீஃப் ஹவுண்ட் குழுவின் “குரோவர்ஸ் ஒஃப் மஷ்ரூம்” அரியதும் நல்லதுமாகும். பீற்றர் ஃப்ரெஞ்சின் குரலும் இறுக்கமான கிற்றார் அமைப்பும் இன்றுங் கேட்போரைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் 1971 இலே டெக்கா அதனைப் பிரித்தானியாவில் வெளியிட்டபோது குழு கலைந்தே போயிருந்தது.

விலைப்பட்டியலை விமர்சனமாகக் கொள்வோர் இம்மூன்றையும் பிரித்தறியார். அரியதெல்லாம் ஒளித்துவைக்கப்பட்ட மாணிக்கம் என்பர். புறக்கணிக்கப்பட்டதனால் மட்டும் ஒரு படைப்புச் சிறந்ததாகிவிடாது. விற்றதனால் மட்டும் இழிந்ததாகிவிடவும் மாட்டாது. இவ்வுண்மை இசைக்கு மாத்திரமன்றி இலக்கியத்துக்கும் பொருந்தும்.

*

எனின், சேகரிப்போரை முற்றாகக் கண்டித்துவிடலாமா? அதுவும் நீதியன்று. கொம்பனிகள் மறந்துவிட்ட, தாம் நீக்கிய தட்டுகளை எடுத்துவைத்தவர் யார்? சந்தைகளிலும் பழைய பொருட் கடைகளிலும் சில பென்சுக்கு வாங்கி, உறைக்குள் இட்டு, குழுவினர் பெயர்களையும் பதிவுத் திகதிகளையும் தொகுத்தவர் சேகரிப்போரே. அவர்களுட் பெரும்பாலோர் தொடக்கத்திற் சாதாரண இசைப்பிரியர்கள். முதலீட்டாளர் பின்னர் வந்தவர்களே. பொருள்களைப் பயன்படு பண்டமாக இருக்கும் அடிமைத்தனத்திலிருந்து விடுவிப்பவன் சேகரிப்பவன் என்ற கருத்து வால்டர் பெஞ்சமினுக்கு இருந்தது. ஜேர்மானிய மார்க்சியரும் கேலிச்சித்திரச் சேகரிப்பாளருமான எடுவார்ட் ஃபூக்ஸைப் பற்றி 1937 இல் அவர் கட்டுரையொன்று எழுதினார். ஆளும் வர்க்கம் கலையென மதியாத பொருள்களைச் சேர்த்து, நூல்களாக வெளியிட்டு, பொதுமக்கள் அறியச் செய்தவர் ஃபூக்ஸ். 1933 இலே நாசிகள் அவரது சேகரிப்பைப் பறித்தனர், நூல்கள் எஞ்சின.

தமிழராகிய நமக்கு இவ்வேறுபாட்டை விளக்க நெடிய வாதம் வேண்டியதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடியதும் சேர்த்ததும் பெட்டியிற் பூட்டுதற்கன்று. 1887 இலே கலித்தொகையை அச்சேற்றியதனாலேயே அவர் உழைப்பு நம் உடைமையாயிற்று. சேகரித்தல் பாதி வேலை. வெளியிடல் மறுபாதி.

இம்மறுபாதி நிறைவேறும்போது என்ன நிகழ்கின்றது என்பதற்கு இரு சான்றுகள் போதும். லீஃப் ஹவுண்டின் தட்டு மறுபதிப்புகள் வழியாக இளைய தலைமுறை றொக் குழுக்களின் காதுக்கு எட்டியது. அதன் பயனாகப் பீற்றர் ஃப்ரெஞ்ச் 2004 இலே குழுவை மீண்டும் அமைத்து, 2007 இலே புதிய தட்டொன்றையும் வெளியிட்டார். றொக் இசைக்கு அயலிலுள்ள நாட்டார் பாணிப் பாடகி வஷ்ரி பன்யனின் வரலாறு இன்னும் உருக்கமானது. பிலிப்ஸ் 1970 இலே வெளியிட்ட அவரது தட்டு விற்கவில்லை. அவர் இசையைக் கைவிட்டு நாட்டுப்புறஞ் சென்று பிள்ளைகளை வளர்த்தார். தட்டோ சேகரிப்போரிடையே பெருவிலைக்குக் கைமாறியது. அவ்விலையிற் சல்லியும் அவரைச் சேரவில்லை. 2000 ஆம் ஆண்டில் அது மறுபதிப்பானபோதுதான் அவர் மீண்டும் பாடுதற்கு வழி பிறந்தது. 2005 இலே, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், அவரது இரண்டாவது தட்டு வெளிவந்தது. பெருவிலை செய்யாததை மறுபதிப்புச் செய்தது.

*

கலைஞனுக்குரியது அவனைச் சேர வழி யாது? பிரித்தானியாவில் 2006 முதல் ஓவியர்க்கும் சிற்பியர்க்கும், அவர்தம் படைப்புகள் கலைவணிகரால் மறுவிற்பனையாகும்போது ஒரு பங்கு கிடைக்கின்றது. இசைக்கலைஞர்க்கு அத்தகைய உரிமை இல்லை. அதனை இசைத்தட்டுக்கும் நீட்டலாமே எனச் சிலர் கேட்கலாம். ஆனால் பழைய தட்டும் பழைய புத்தகமும் ஒரே இனம். வறிய மாணவன் வாங்கும் பழைய புத்தகத்தின்மேல் வரி விதிக்க நாம் உடன்படுவோமா? ஆதலின் தீர்வு மறுவிற்பனையில் இல்லை. அது பதிப்புரிமையில் உள்ளது.

2013 நவம்பர் 1 ஆந் திகதி பிரித்தானியாவில் ஒலிப்பதிவுகளின் பதிப்புரிமைக் காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டப்பட்டது. இந்நீட்டிப்பினாற் பெரும்பயன் அடைவோர் கொம்பனிகளே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டத்திலே கலைஞர்க்குச் சார்பான மூன்று ஏற்பாடுகள் உள. ஒன்று: 50 ஆண்டு கடந்த பதிவொன்றைக் கொம்பனி போதியளவு வெளியிடாவிடின், கலைஞன் அறிவித்தல் கொடுத்து, ஓராண்டின் பின்னும் நிலைமை மாறாவிடின் ஒப்பந்தத்தையே முறித்துவிடலாம். இரண்டு: அன்று கொடுத்த முற்பணத்தையும் செலவையுங் காட்டி அவனது உரிமைப்பங்கைக் கழித்துக்கொண்டிருக்கும் வழக்கம் 50 ஆண்டின் பின் செல்லாது. மூன்று: ஒருமுறைக் கூலி பெற்று வாசித்துச் சென்ற வாத்தியக்காரர்க்கென, நீட்டிய காலத்து வருவாயில் 20 வீதம் ஒதுக்கப்படல் வேண்டும்.

1970 இன் தட்டுகள் யாவும் அவ்வரம்பைக் கடந்துவிட்டன. 1971, 1972 ஆம் ஆண்டுகளினவும் கடந்துவிட்டன. ஆகவே இவ்வுரிமைகள் இன்று நடைமுறையில் உள்ளவை. ஆனால் அவற்றைக் கேட்டுப் பெறவேண்டியவர் முதியவராயும், சிதறியவராயும், ஒப்பந்தத் தாள்களைத் தொலைத்தவராயும் உள்ளனர். எதிரே நிற்கும் கொம்பனியோ முன்னையினும் பெரிது. வேர்ட்டிகோவும் டெக்காவும் பொலிகிராமினுள் அடங்கி, பொலிகிராம் 1998 இலே யூனிவேர்சலின் கைக்குச் சென்றது. அன்று ஒன்றையொன்று போட்டியிட்ட முதலாளிகளின் களஞ்சியங்கள் இன்று ஒரே கூரையின்கீழ் உள.

இந்நிலையிலே எவரிடம் சான்றுகள் உண்டு? எந்தத் தட்டு எந்த ஆண்டில் வெளிவந்தது, யார் வாசித்தார், எந்த ஆண்டில் நீக்கப்பட்டது, இன்று கிடைக்கின்றதா இல்லையா என்பனவற்றைத் திட்டமாக அறிந்தவர் சேகரிப்போரே. தட்டின் வெற்றிடத்திலுள்ள எழுத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு படிக்கும் அவர்களின் பொறுமை, மறக்கப்பட்ட வாத்தியக்காரனின் பெயரை அவனுக்கு மீட்டுக்கொடுக்கப் பயன்படுமாயின், அது வீணான வித்தையாகாது. 2022 இலே அமெரிக்காவில் ஏறத்தாழ 4 கோடி 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்று, 1987 இன் பின் முதன்முறையாக எண்ணிக்கையிற் குறுந்தட்டுகளை விஞ்சின. அச்சகங்கள் மீண்டும் இயங்குகின்றன, வாங்குவோரும் உளர். அரிய தட்டு அரியதாகவே இருந்துதீர வேண்டும் என்பதற்கு இன்று தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

சேகரிப்பவன்முன் இரு வழிகள் உள. தன்னிடமுள்ள தட்டின் விலை குன்றுமென அஞ்சி மறுபதிப்பை வெறுத்தல் ஒன்று. தன்னிடமுள்ளது பலரிடமுஞ் சேரவேண்டுமென உழைத்தல் மற்றொன்று. முன்னது வழிச் செல்வோன் களஞ்சியக் காவலன். பின்னது வழிச் செல்வோன் இசை வரலாற்றின் ஊழியன். அரை நூற்றாண்டுக்கு முன் கொம்பனிகள் விற்பனைக்காக ஒட்டிய “முற்போக்கு” என்னுஞ் சொல்லுக்கு உண்மைப் பொருள் இனியேனும் கிடைக்குமாயின், அது இப்பின்னவனின் கையாலேயே கிடைக்கும். அருமை நீங்கினால் பெருமை குன்றும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெருமையுடையது பலர் கேட்க வாழும்.